கிட்னி மாற்றியவரின் முதுகெலும்பில் ஒரு மண் கிருமி

மூன்று வருஷம் முன்பு, ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, மந்தைவெளியிலிருந்து அத்தை போன் செய்தார்.

"மாமாவுக்கு முதுகுவலி குறையவே மாட்டேங்குதுடா. எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. முதுகெலும்புல ஏதோ அரிச்சிருக்காம். டிபியாத்தான் இருக்கும், மாத்திரை ஆரம்பிச்சிடலாம்னு சொல்றாங்க. நீ கொஞ்சம் படிச்சுப் பாரேன்."

அதற்கு ஐந்து வருஷம் முன்பு மாமாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கொடுத்தவர் அத்தை. ஆகவே அந்த வீட்டில் மாமாவின் உடம்புக்கு எது வந்தாலும் அது இரண்டு பேர் சமாச்சாரம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேலாக சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். அந்த ராத்திரி ஆரம்பித்துப் பல மாதங்கள் படித்தபோது எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். மாமாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஆஸ்பத்திரியும் வரக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே கண்டிஷன். இது சிகிச்சைக் குறிப்பு அல்ல. உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

எலும்புக்குள் கிருமி எப்படிப் போகிறது?

எலும்பு என்றால் நமக்கு ஏதோ கல், சுண்ணாம்பு என்ற நினைப்பு. உண்மையில் அது ரத்தம் ஓடும் உயிருள்ள திசு. அதற்குள் கிருமி புகுந்து தங்கிவிடுவதை ஆஸ்டியோமைலிட்டிஸ் என்கிறார்கள். உள்ளே போக மூன்று வழிகள். அடிபட்ட இடம் அல்லது ஆபரேஷன் வழியாக நேராகப் போகலாம். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் நடப்பதுபோலப் பக்கத்துச் சதையிலிருந்து பரவலாம். இல்லையென்றால் உடம்பில் வேறெங்கோ இருந்து ரத்தத்தில் மிதந்து வந்து சேரலாம். பெரியவர்களுக்கு இந்த மூன்றாவது வழியில் வரும் கிருமி அதிகமாக உட்காரும் இடம் முதுகெலும்பு.

எலும்பில் வந்த தொற்று ஏன் லேசில் போகாது? உள்ளே சீழ் சேர்ந்தால் அழுத்தம் கூடி ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தம் போகாத எலும்புத் துண்டு செத்துப்போகிறது. ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தானே போக வேண்டும்? செத்த எலும்புக்கு ரோடே கிடையாது. அந்தத் துண்டின் மேல் கிருமிகள் பிசின்போல ஒரு படலம் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் குடியிருக்கும். அதனால்தான் சாதாரணக் காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை போதும்போது, எலும்புக்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகிறது.

பொதுவாக இதைச் செய்வது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற, நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியா. நம் ஊரில் முதுகெலும்பு என்றால் கூடவே டிபி. ஆகவே மாமாவின் டாக்டர் "டிபியாக இருக்கும்" என்றதில் தப்பே இல்லை. தெருவில் குளம்புச் சத்தம் கேட்டால் மாடு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மாற்று உறுப்பு வந்ததும் என்ன மாறுகிறது?

வேறொருவரின் சிறுநீரகத்தை நம் உடம்பு அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதை அழித்துவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ப்ரெட்னிசோலோன் போன்ற மருந்துகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். இவை எதிர்ப்பு சக்தியின் கையைக் கட்டிவைக்கின்றன. இதன் பக்கவிளைவாக எலும்புத் தொற்றில் மூன்று சிக்கல்கள் வருகின்றன.

ஒன்று, ஆரோக்கியமானவரின் உடம்பு அலட்சியமாகத் தட்டிவிடும் கிருமிகூட இங்கே ஊன்றிக்கொள்ளும். மண்ணில், தண்ணீரில், தூசியில் இருக்கும் கிருமிகள் எல்லாம் பட்டியலில் சேர்ந்துவிடும்.

இரண்டு, அறிகுறிகள் அடங்கிவிடும். காய்ச்சல், சிவப்பு, வீக்கம் இதெல்லாம் கிருமி செய்வதில்லை. கிருமியோடு நம் உடம்பு போடும் சண்டையின் சத்தம். சண்டையை மருந்தால் அடக்கிவைத்தால் சத்தமும் வராது. மாமாவுக்குக் காய்ச்சல் 99-ஐத் தாண்டவே இல்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், எரர் லாகை அணைத்துவைத்த சர்வர். ஓடிக்கொண்டுதான் இருக்கும், என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று தெரியாது.

மூன்று, எலும்பு வலிக்கு வேறு காரணங்கள் தாராளமாகக் கிடைக்கும். ஸ்டீராய்டால் எலும்பு தேயலாம், இடுப்பு மூட்டின் பந்து ரத்தமில்லாமல் செத்துப்போகலாம். சிறுநீரகம் கெட்டிருந்த காலத்திலேயே எலும்பு பலவீனமாகியிருக்கும். டாக்ரோலிமஸே சிலருக்குக் கால் எலும்புகளில் வலி கொடுக்கும். மாமாவுக்கும் முதல் இரண்டு மாதம் கால்சியமும் பெல்ட்டும்தான் கிடைத்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் எலும்பின் தாது மூன்றில் ஒரு பங்காவது கரைந்திருக்க வேண்டும், ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

நம்ம ஊர்ப் பட்டியல்

"அபூர்வக் கிருமி" என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வரும் பெயர்களைத் தேடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப நம்ம பக்கத்துக்கே வந்து சேர்ந்தேன். அதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் டிபி. இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று 1971-ல் வேலூர் சிஎம்சியில் நடந்தது. அதே இடத்தில் 1986 முதல் 1999 வரை சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 1251 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2001-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 166 பேருக்கு, அதாவது சுமார் 13 சதவீதத்தினருக்கு, மாற்றுக்குப் பிறகு டிபி வந்திருந்தது. நூற்றில் பதின்மூன்று என்பதை அபூர்வம் என்று சொல்ல முடியாது. மேற்கத்திய நாட்டுப் புத்தகத்தில் ஓரத்தில் வரும் வியாதி இங்கே முதல் பக்கத்தில் இருக்கிறது.

டிபி விஷயத்தில் நம்ம சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம்தான், சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் டிபி குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. முதுகெலும்பு டிபிக்கும் 1970-களில் மெட்ராஸில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பெரிய ஆபரேஷனும் மருந்தும், மற்றவர்களுக்கு நடமாடிக்கொண்டே மருந்து மட்டும். பத்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களும் நன்றாகவே இருந்தார்கள்.

அடுத்து நோகார்டியா. இது மண்ணில் வாழும் பாக்டீரியா. பூஞ்சைபோலக் கிளைவிட்டு நூல் நூலாக வளரும். 1888-ல் எட்மண்ட் நோகார் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் மாடுகளில் கண்டுபிடித்தார். தூசியோடு மூச்சில் போய் நுரையீரலில் தங்கி, அங்கிருந்து மூளைக்கும் தோலுக்கும் போகும். எப்போதாவது எலும்புக்கும்.

இதன் சொந்தக்காரர்கள் நமக்குப் பழக்கமானவர்கள். 'மதுரா ஃபுட்' என்று உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் ஒரு வியாதி இருக்கிறது. அந்த மதுரா நம்ம மதுரைதான். 1842-ல் மதுரை மருத்துவமனையிலிருந்து ஜான் கில் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதினார். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் காலில் முள் குத்திய இடத்தில் மண்ணில் உள்ள கிருமி புகுந்து, வருஷக்கணக்கில் சதையைத் துளைத்து, எலும்பையும் அரித்து, துவாரங்கள் வழியாகக் குருணை குருணையாக வெளியே வரும். 1860-ல் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் இதற்கு மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். 'கிரேஸ் அனாடமி' என்ற புகழ்பெற்ற உடற்கூறியல் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் இவரேதான். இதை உண்டாக்குவதில் பூஞ்சைகளும் உண்டு, பாக்டீரியாக்களும் உண்டு. அந்தப் பாக்டீரியாக்களில் நோகார்டியா ஒன்று, ஆக்டினோமதுரா மதுரே இன்னொன்று. ஒரே பெயரில் மதுரை இரண்டு தடவை வருகிறது! உலக சுகாதார நிறுவனம் 2016-ல்தான் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது.

விவசாயியின் காலில் முள் வழியாக வருஷக்கணக்கில் மெதுவாகப் போகும் அதே கிருமிக் குடும்பம், எதிர்ப்பு சக்தி கட்டப்பட்டவரிடம் மூச்சு வழியாகவே சில வாரங்களில் போய்விடுகிறது.

மூன்றாவது மெலியாய்டோசிஸ். 1911-ல் ரங்கூன் பொது மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இதைக் கவனித்து, அடுத்த வருஷம் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் 'விட்மோர் வியாதி' என்று கூப்பிட்டார்கள். கிருஷ்ணசாமி விட்டுப்போனார். பெயரைப் பார்த்தால் நம்ம பக்கத்து ஆள்மாதிரிதான் தெரிகிறது. கிருமியின் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருக்கும், மழைக்காலத்தில் அதிகம் வரும். சர்க்கரை நோய் இருப்பவர்களை முக்கியமாகப் பிடிக்கும். வேலூரிலிருந்து எலும்பு, மூட்டு மெலியாய்டோசிஸ் நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் புதிதாகச் சர்க்கரையைக் கொண்டுவரக் கூடியவை என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இவை தவிர இன்னும் விசித்திரமானவையும் உண்டு. மைக்கோபாக்டீரியம் ஹீமோஃபிலம் என்று டிபியின் உறவுக்காரக் கிருமி. குளிர்ச்சியான இடம் பிடிக்கும் என்பதால் கை கால் நுனிகளில் தோலிலும் மூட்டிலும் எலும்பிலும் வரும். மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ் என்று இன்னொன்று. இதயம், நுரையீரல் மாற்றியவர்களுக்கு ஆபரேஷனில் அறுத்துச் சேர்த்த மார்பெலும்பில் வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. இதற்குச் செல் சுவரே கிடையாது. பென்சிலின் வகை மருந்துகள் எல்லாம் சுவரை உடைப்பவை. சுவரே இல்லாத வீட்டில் கடப்பாரைக்கு என்ன வேலை?

அபூர்வமா, தேடாததா?

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஆய்வகம் என்பது கூகுள் மாதிரி, சாம்பிளைப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. என்ன கேட்கிறோமோ அதைத்தான் தேடுவார்கள். ஒவ்வொரு கிருமிக்கும் தனித் தனி சாப்பாடு, சூடு, காத்திருக்கும் நாட்கள்.

சாதாரண பாக்டீரியா கல்ச்சர் தட்டை இரண்டு நாள் பார்த்துவிட்டு, ஒன்றும் வளரவில்லை என்றால் 'நோ க்ரோத்' என்று எழுதி மூடிவிடுவது வழக்கம். நோகார்டியா தலைகாட்ட நான்கைந்து நாள் முதல் இரண்டு மூன்று வாரம்வரை ஆகலாம். டிபிக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். ஹீமோஃபிலத்துக்கு இரும்புச்சத்து தனியாகச் சேர்த்து, 30 டிகிரி பக்கம் வைக்க வேண்டும். டிபிக்கு வைக்கும் 37 டிகிரியில் அது வளராது. மெலியாய்டோசிஸ் கிருமி சீக்கிரமே வளரும், ஆனால் சூடோமோனாஸ் என்று தவறாக அடையாளம் கண்டுவிடுவார்கள், அல்லது சாம்பிளில் கலந்த ஏதோ அழுக்கு என்று தள்ளிவிடுவார்கள். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவர் இல்லாததால் வழக்கமான கிராம் சாயத்தில் தெரியவே தெரியாது.

அதாவது, "ரிசல்ட் நெகட்டிவ்" என்றால் "கிருமி இல்லை" என்று அர்த்தமில்லை. "நாங்கள் தேடியது இல்லை" என்றுதான் அர்த்தம். டேட்டாபேஸில் தப்பான கேள்வி போட்டால் பூஜ்யம் வரிசை வரும். அதை வைத்து டேபிளே காலி என்று சொல்லும் ஜூனியரை நாம் விடுவோமா?

மாமாவின் கதை, மிச்சம்

அந்த ராத்திரி படித்ததில் முதலில் கண்ணில் பட்டது ரிஃபாம்பிசின் பற்றியது. டிபிக்கு முக்கியமான மருந்து இது. ஆனால் கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் என்சைம்களை இது முடுக்கிவிடும். விளைவு, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும். டோஸைப் பல மடங்கு ஏற்றி, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்காவிட்டால் உடம்பு மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிக்கலாம். டிபி உறுதியாக இருந்தால் அந்த ரிஸ்க்கை எடுத்தே ஆக வேண்டும். ரிஃபாபுட்டின் என்று கொஞ்சம் மென்மையான மாற்றும் உண்டு. ஆனால் டிபியா என்றே தெரியாமல் அத்தை கொடுத்த கிட்னியைப் பணயம் வைப்பதா?

மறுநாள் சிறுநீரக டாக்டரிடம் போனோம். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "பயாப்சி எடுத்துப் பார்த்துட்டு ஆரம்பிக்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் முதுகெலும்பிலிருந்து துணுக்குகள் எடுத்தார்கள்.

ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட். "நாட்பட்ட அழற்சி, சீழ் செல்கள் உள்ளன, புற்று இல்லை." கல்ச்சர் எங்கே என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. விசாரித்ததில் தெரிந்தது: எடுத்த துணுக்கு முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஃபார்மலின் திசுவைப் பதப்படுத்தும், மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். ஆனால் கிருமி அத்தனையும் செத்துப்போகும். அதிலிருந்து எதையும் வளர்க்க முடியாது. கல்ச்சருக்குத் தனித் துணுக்கு, சுத்தமான டப்பாவில், ஸ்டெரைல் சலைன் சில சொட்டு விட்டு உடனே போக வேண்டும். ஒரு பத்து ரூபாய் டப்பா விஷயம். இது ஒன்றும் யாரோ ஒருவரின் அபூர்வத் தவறு இல்லை என்று பிறகு பேசிய இரண்டு மூன்று டாக்டர்களும் சொன்னார்கள்.

இரண்டாவது பயாப்சி என்றதும் மாமா கோபப்பட்டார். "போதும்டா, டிபி மாத்திரையே குடுக்கச் சொல்லு" என்றார். அத்தைதான் பேசினார். "கிட்னி என்னுது. நான் சொல்றேன், இன்னொரு தடவை எடுங்க." மாமா அதற்கு மேல் பேசவில்லை.

இந்தத் தடவை டாக்டரே ஆய்வகத்துக்கு போன் செய்தார். விண்ணப்பத்தில் 'சிறுநீரக மாற்று நோயாளி, டிபி, நோகார்டியா, பூஞ்சை பார்க்கவும், தட்டை மூன்று வாரம் வைக்கவும்' என்று எழுதினார். டிபிக்கான ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது, நெகட்டிவ். இரண்டாம் நாள் தட்டில் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் அங்கிருந்த மைக்ரோபயாலஜிஸ்ட் அம்மா கூப்பிட்டார். சுண்ணாம்புப் பொடி தூவினமாதிரி வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வளர்ந்திருந்தன. மூடியைத் திறந்ததுமே முதல் மழை பெய்த மண்வாசனை வந்ததாம். சாயம் போட்டதில் கிளைவிட்ட நூல்கள். நோகார்டியா.

மண்வாசனை என்று நாம் ரசிப்பதே பெரும்பாலும் இந்தக் கிருமிக் குலம் சுரக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனைதான். மாமா ரிடையர் ஆனபின் மொட்டைமாடியில் முப்பது தொட்டி வைத்து, வெறுங்கையால் மண் கலந்து, கத்திரிக்காய் வளர்த்துக்கொண்டிருந்தார். ஆடி மாதத்தில் ஒரு வறட்டு இருமல் வந்து போனதும் அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. மார்பு சிடியில் நுரையீரலில் ஒரு சிறு முடிச்சும் இருந்தது. தொட்டியிலிருந்துதான் வந்ததா, தெருப் புழுதியா என்று யாராலும் சொல்ல முடியாது.

மருந்தும் கயிற்றின் மேல் நடையும்

நோகார்டியா என்று தெரிந்ததும் அடுத்து எடுத்தது மூளை எம்.ஆர்.ஐ. தலைவலிகூட இல்லையே என்றோம். இந்தக் கிருமி சத்தமில்லாமல் மூளைக்குப் போகும் என்பதால் எல்லோருக்கும் எடுப்பார்களாம். நல்ல வேளை, ஒன்றும் இல்லை.

முதல் மருந்து கோட்ரைமாக்ஸசோல். 1960-களிலிருந்து இருக்கும் மலிவான மாத்திரை. மாற்று அறுவை சிகிச்சை முடிந்து முதல் ஆறு மாதம், ஒரு வருஷம் தடுப்புக்காகக் குறைந்த அளவில் இதைக் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் குறைந்த டோஸ் நோகார்டியாவை நிச்சயமாகத் தடுக்கும் என்று நம்ப முடியாது என்று ஐரோப்பாவில் பல மையங்கள் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. டாக்ரோலிமஸ் வகை மருந்தின் அளவு ரத்தத்தில் அதிகமாக இருந்தவர்களுக்கே நோகார்டியா அதிகம் வந்திருந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

சிகிச்சை டோஸ் பெரியது. அது பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் ஏற்றும். கூட முதல் சில வாரம் இமிபெனம் ஊசி. எதிர்ப்பு சக்தி மருந்துகளையும் குறைக்க வேண்டியிருந்தது. ரொம்பக் குறைத்தால் கிட்னி போகும், குறைக்காவிட்டால் கிருமி போகாது. அந்த மூன்று மாதம் வாராவாரம் வரும் கிரியாட்டினின் எண்ணை அத்தை காலண்டரில் பென்சிலால் எழுதிவைத்தார். 1.3-லிருந்து 1.9 வரை போனது. 1.9 வந்த அன்றைக்கு அத்தை என்னிடம் தனியாகச் சொன்னார்: "போனாப் போகட்டும்டா. டயாலிசிஸ் பண்ணிக்கலாம். ஆள் நடந்தாப் போதும்." கிட்னியைக் காப்பாற்றத்தான் இரண்டாவது பயாப்சிக்கு அவர் சண்டை போட்டார் என்று நான் நினைத்திருந்தேன்.

போகவில்லை. டோஸைச் சரிசெய்ததும் 1.5-ல் வந்து நின்றது. மொத்தம் ஒரு வருஷம் மாத்திரை.

படிக்கும்போது என்னை ரொம்ப யோசிக்கவைத்த ஒரு விஷயம்: டாக்ரோலிமஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1984-ல் ஜப்பானில் ட்சுகுபா என்ற ஊர் மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து. சிரோலிமஸ் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து. ரிஃபாம்பிசினின் மூலமும் ஒரு மண் பாக்டீரியாதான். எல்லாமே நோகார்டியாவுக்குப் பங்காளி முறை. மாமாவின் கிட்னியைக் காத்த மருந்தும், முதுகெலும்பை அரித்த கிருமியும் ஒரே வம்சம்.

என்ன கேட்கலாம்?

தமிழ்நாட்டில் 2008-ல் அரசு மூளைச்சாவு உறுப்பு தானத் திட்டத்தைத் தொடங்கியபின் மாற்று உறுப்போடு வாழ்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் எலும்பு வலி, முக்கியமாக ராத்திரி படுத்தாலும் விடாத வலி இருந்தால், காய்ச்சல் இல்லையே என்று சும்மா இருக்க வேண்டாம். மரியாதையாக இந்த நான்கைக் கேளுங்கள்:

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. தேவையா?

ஆன்டிபயாடிக்கோ டிபி மாத்திரையோ ஆரம்பிக்கும் முன் பயாப்சி எடுக்க முடியுமா? (காய்ச்சல், ரத்த அழுத்தம் என்று நிலைமை மோசமாக இருந்தால் டாக்டர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது.)

ஒரு துணுக்கு ஃபார்மலினிலும், இன்னொன்று ஃபார்மலின் இல்லாமல் கல்ச்சருக்கும் போகிறதா?

மாற்று உறுப்பு நோயாளி என்பதும், மண் வேலை, வயல், வெள்ளத்தில் நடந்தது போன்ற விவரங்களும் ஆய்வக விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறதா? தட்டை எத்தனை நாள் வைப்பார்கள்?

கடைசிக் கேள்விக்கு ஒரு உதாரணம் போதும். மெலியாய்டோசிஸ் எலும்பில் இருந்தால் ஆறு வாரம் ஊசி, பிறகு ஆறு மாதம் மாத்திரை. சூடோமோனாஸ் என்று நினைத்து இரண்டு மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டால் திரும்ப வந்துவிடும்.

மாமா இப்போது காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மூன்று சுற்று நடக்கிறார். கொஞ்சம் கூன் விழுந்திருக்கிறது, அது போகாது. தொட்டிகள் பாதியாகக் குறைந்துவிட்டன. மண் கலக்கும்போது கையுறையும் மாஸ்க்கும் போட வேண்டும் என்பது அத்தையின் சட்டம். போன வாரம் போயிருந்தபோது கையுறை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, மாமாவின் விரல் நகத்தில் மண் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அத்தையிடம் சொல்லவில்லை, இதைப் படித்ததும் தெரிந்துவிடும்.

மருத்துவம் படித்தவர்கள் யாராவது இதில் தவறு கண்டால் எழுதுங்கள், திருத்திவிடுகிறேன்.